இழுக்காத குழாய்

மொக்கைச்சாமிக்கு அந்த வேலை பிடிபடவே இல்லை. ஆமத்தூர் வட்டாரத்தில் பாதி வீடுகளுக்குக் குழாய் மாட்டிய ஆள் அவர். தண்ணீர் வருகிற குழாய், தண்ணீர் போகிற குழாய் என்று இரண்டு வகைதான் அவருக்குத் தெரியும். இது இரண்டிலும் சேரவில்லை.

"ஏப்பா ஜெயபாண்டி, மொத ரெண்டு குளாயும் மோட்டாருக்குப் போகுது, சரி. மிச்சம் அஞ்சும் எங்க போகுது?"

"சுவத்துக்குள்ள."

"சுவத்துக்குள்ள போயி?"

"அங்கனயே நிக்கட்டும்ணே."

மொக்கைச்சாமி ஏணியில் நின்றபடி கீழே பார்த்தார். "மாமியா வீட்டுக்குப் போன மருமயந்தான் இப்பிடிப் போன எடத்துலயே நிப்பான். குளாய் நின்னு இப்பத்தான் பாக்கேன்."

மேசை வரிசையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜெயபாண்டியும் சிரித்தான். தேவைக்கு மேலேயே கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டான்.

ஆமத்தூர் விலக்கிலிருந்து சிவகாசிக்குப் போகிற சாலையில், பட்டாசுக் கடைகளின் விளம்பரப் பலகைகளைத் தாண்டி, கருவேலங்காட்டை ஒட்டி இருந்தது அவனுடைய பல் செய்யும் கூடம். பட்டாசுத் தொழிற்சாலையைப் பயராபீஸ் என்றும் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டியாபீஸ் என்றும் சொல்லிப் பழகிய ஊர், இதற்குப் பல்லாபீஸ் என்று பெயர் வைத்துவிட்டது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சைப் பார்த்து இங்கே உலோகத்தை உருக்கி வார்த்துப் பல்லுக்குத் தொப்பி செய்வார்கள். வார்த்ததை அப்படியே வாயில் மாட்ட முடியாது. ஒரு மயிரிழை தடித்தாலும் கடிக்கும்போது இடறும். அதனால் ஒவ்வொன்றையும் கையில் வைத்து, பேனா மாதிரி பிடிக்கிற சின்ன மோட்டாரால் ராவித் தேய்க்க வேண்டும். அந்த மோட்டார் நாளெல்லாம் கொசு மாதிரி காதருகே ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். தேயத் தேயத் திருநீற்றைவிட மெல்லிய சாம்பல் தூள் எழும்பும். அது இமையிலும் மூக்கு நுனியிலும் படிந்து மினுங்கும்.

ராவும் மேசையில் ஏழு பெண்கள். மூன்றாவது நாற்காலியில் மாரித்தாய். அவனுடைய அண்ணன் செல்லப்பாண்டியின் மனைவி.

செல்லப்பாண்டி சாத்தூர் சாலையில் வேன் கவிழ்ந்து இறந்தபோது ஜெயபாண்டி ஷார்ஜாவில் ஒரு பல் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மானாவாரி நிலத்தை நம்பி இருக்க முடியாமல் மாரித்தாய் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பயராபீசுக்குப் போனாள். ஒருநாள் பக்கத்து ஷெட்டில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. கருகிய சேலையோடு அவள் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சோறு வைத்தாளாம். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஜெயபாண்டி ஊருக்குத் திரும்பினான். இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் நின்று, "மதினி, இனிமே நீங்க மருந்துப் பக்கம் போக வேண்டாம். மருந்தே இல்லாத வேலை நான் தாரேன்" என்றான். சொன்ன மாதிரியே தந்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமைப்படக் கூடிய காரியந்தான்.

ஆனால் இரண்டு வருஷமாக மாரித்தாய்க்கு இருமல். மேசையில் இருக்கும்போது வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவாள். திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி மோட்டாரை எடுப்பாள். யாராவது கேட்டால், "பயராபீசுல குடிச்ச தூசி. அது பழசு, இப்பத்தான் வெளிய வருது" என்பாள். ஜெயபாண்டியும் அதையே நம்பினான். நம்புவதற்கு அது வசதியாக இருந்தது.

இந்த நிலையில்தான் நெதர்லாந்துக் கம்பெனியின் ஆர்டர் பேச்சு வந்தது. உள்ளூர் டாக்டர்கள் ஒவ்வொருவராக மதுரையில் கம்ப்யூட்டரே பல் செதுக்கித் தருகிற பெரிய கூடங்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆர்டர் வந்தால் பல்லாபீஸ் நிற்கும். வராவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான். ஏழு பெண்களும் மறுபடி பயராபீஸ் வேனில் ஏற வேண்டியதுதான். இது அவனுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அந்தக் கம்பெனி விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது கேட்டது வேறு. கூடத்தில் இருக்கிற ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உங்கள் நாட்டில் என்ன பாதுகாப்பு விதி, எங்கள் நாட்டிலும் மற்ற நாடுகளிலும் என்ன விதி, நீங்கள் எதைக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று ஒப்பிட்டு எழுதி அனுப்பச் சொன்னது.

ஜெயபாண்டி மெனக்கெட்டுத்தான் உட்கார்ந்தான். செல்போனில் தேடித் தேடி, புரியாத இடத்தை மொழிபெயர்த்துப் படித்தான். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. ஐரோப்பாவில் இயந்திரம் செய்கிறவனே சுழல்கிற இடத்துக்கு மூடி, கைக்குக் காவல் எல்லாம் வைத்து முத்திரை போட்டுத்தான் விற்க வேண்டும். அமெரிக்காவில் வேலை செய்கிறவர் மூச்சு விடுகிற காற்றில் இன்ன தூசி இவ்வளவுக்கு மேல் மிதக்கக் கூடாது என்று அளவே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் வார்ப்பைத் துலக்க மணலைப் பீய்ச்சவே கூடாது. அங்கே தூசி உறிஞ்சும் குழாயை மாட்டினால் மட்டும் போதாது, அது உண்மையில் இழுக்கிறதா என்று குறித்த காலத்துக்குள் ஒருவர் வந்து சோதிக்க வேண்டும். நம் நாட்டிலும் தூசியை எழும்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கச் சொல்கிற சட்டம் இருக்கத்தான் செய்கிறது. அது பெரிய தொழிற்சாலைகளுக்கு. அவனுடையது ஆள் குறைந்த சின்ன இடம், கணக்கில் வராது.

ஷார்ஜாவில் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் உறிஞ்சும் வாய் இருந்தது அவன் நினைவுக்கு வந்தது. அங்கே இருந்தவரை ஒருநாள்கூட அவன் இமையில் தூசி மினுங்கியதில்லை. அன்றைக்கே செல்போனைக் கீழே வைத்துவிட்டு மதினியிடம் போயிருக்கலாம். போகவில்லை. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிற சிநேகிதன் மகேஷ்குமாரிடம் போனான்.

மகேஷ்குமார் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தான். "நீ ஏன் இம்புட்டுக் கவலைப்படுத? ஒவ்வொரு மிசினுக்கும் எந்த நாட்டுச் சட்டம் எளக்கமா இருக்கோ அதை எடுத்துக்கோ. மூடியா, அமெரிக்காக்காரன் என்ன சொல்லுதான் பாரு. மணலா, நம்ம நாட்டுல சின்ன எடத்துக்கு ஒண்ணும் எழுதலையா, நம்ம நாட்டப் போடு. உலகத்துல எங்கயோ ஒரு எடத்துல சரின்னு இருந்தாச் சரிதான?"

"உறிஞ்சுற குளாய்?"

"குளாய் இருக்கான்னுதான கேக்கான்? மாட்டு. இருக்குன்னு போடு. மொத ரெண்டுக்கு மட்டும் உறிஞ்சுற மோட்டாரப் போடு, மிச்சத்துக்கு ஆர்டர் வந்ததும் வாங்கி நெசமாவே மாட்டிக்கோ. யாரு வேண்டாம்னா?"

பாவத்துக்கு நாம் சம்மதிக்கும்போது பெரும்பாலும் ஒரு நல்ல தேதியைக் குறித்துக்கொண்டுதான் சம்மதிக்கிறோம். ஆர்டர் வந்ததும் எல்லாம் சரி செய்துவிடுவதாக ஜெயபாண்டியும் மனசுக்குள் தேதி குறித்தான். அப்படித்தான் மொக்கைச்சாமி ஏணியில் ஏறினார்.

எழுதி அனுப்பியது கம்பெனிக்குப் பிடித்துப் போயிற்று. சென்னையில் இருக்கிற தங்கள் ஆள் நேரில் வந்து ஒருமுறை பார்ப்பார் என்று பதில் வந்தது.

முந்தின நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பெண்களிடம் சொன்னான். ஆளுக்கொரு தூக்குச்சட்டி திறந்திருந்தது. கருவாட்டுக் குழம்பு வாசமும் சுட்ட அப்பள வாசமும் உலோக வாடையோடு கலந்து கிடந்தன.

"நாளைக்கு ஒரு மேடம் வாராக. எதாச்சும் கேட்டாக்க, குளாய் இருக்கு, மாஸ்க் போடுதோம்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

கற்பகவல்லி அவனுக்கு ஊர்முறையில் அத்தை. முதலாளி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "ஏலே பாண்டி, குளாய் இருக்குன்னு சொல்றதுல பொய்யி இல்லலே. எங்க வீட்டுலகூட இருக்கு. தண்ணிதான் வந்து ரெண்டு மாசமாச்சு."

"அத்தே, நாளைக்கு ஒருநா வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"பல்லாபீசுல வேலை பாக்கேன், வாய எங்கனலே வைக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மாரித்தாய் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, இளுக்குதான்னு அவுக கேட்டா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாக, மதினி."

அவள் தலையை ஆட்டினாள். அப்பளத்தில் பாதியை ஒடித்து அவன் முன்னால் நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே ஆடிக்காற்று வாரி அடித்தது. சாலையோர மண் எழும்பிச் சன்னல் கம்பிகளில் படிந்தது. தூரத்துக் காற்றாலை இறக்கைகள் வெறி பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. ஜெயபாண்டி கூடத்தைக் கழுவி, சாமி படத்துக்குப் பூப் போட்டு, சாத்தூர்க் காராச்சேவும் முந்திரியும் வாங்கி வைத்தான். வருகிறவர் சாயங்காலம் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் காலை வேலை சூடு பிடித்த நேரத்திலேயே வெள்ளைக் கார் ஒன்று வந்து வாசலில் நின்றது.

இறங்கியது ஓர் இளம்பெண். "அனுப்பிரியா. மதுரைல வேற வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு சார். முன்னாடியே வந்துட்டேன், பரவாயில்லையா?"

"அதனாலென்ன மேடம், வாங்க."

முன்னறையில் உட்காரவைத்தான். டீ வந்தது. உருக்கும் உலையையும், வார்ப்பு சுழலும் பெட்டியையும் காட்டினான். பெட்டிக்குப் புது மூடி போட்டிருந்தான். அது நிஜ மூடிதான். அதைத் திறந்து திறந்து மூடிக் காட்டியபோது அவனுக்கே தெம்பு வந்தது. அந்தத் தெம்போடு ராவும் அறைக் கதவைத் திறந்தான்.

உள்ளே யாரும் இல்லை.

ஏழு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஏழு நாற்காலிகளும் காலியாக இருந்தன. அவசரத்தில் யாரோ அணைக்க மறந்த ஒரு கைமோட்டார் மேசைமேல் கிடந்து ரீங்கரித்துக்கொண்டு தானாக உருண்டது. பின்கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் எங்க சார்?"

"சாப்பிடப் போயிருக்காங்க."

அனுப்பிரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அந்த மோட்டாரை எட்டி அணைத்தாள்.

அவனுக்கு விளங்கிவிட்டது. இந்த வட்டாரத்தில் பயராபீசில் வேலை செய்த யாருக்கும் இது சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஷெட்டுக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சுவரில் எழுதியிருக்கும். சீசன் நேரத்தில் சில இடங்களில் அதற்கு மேலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆபீசர் வண்டி வாசலுக்கு வந்தால் மிச்ச ஆட்கள் சத்தம் போடாமல் எழுந்து, பின்பக்கமாகக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வண்டி போனதும் திரும்பி வருவார்கள். யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. மழைக்கு ஒதுங்குவது மாதிரி.

இங்கே யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. மருந்தே இல்லாத இடம் இது என்று இத்தனை காலம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். அவர்கள் கால்களோ இதையும் பயராபீஸ் என்றே கணக்கு வைத்திருக்கின்றன.

"ஒரு நிமிஷம், மேடம்" என்று பின்கதவு வழியாக இறங்கினான்.

கருவேல மரங்களுக்கு நடுவில், ஆடு மாடுகள் படுத்துத் தேய்ந்த ஒரு வட்டத்தில் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காலில் செருப்பு இல்லை. செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று கழற்றிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். மாரித்தாய் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் பொத்திக் குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. சத்தமே வரவில்லை. கற்பகவல்லி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவனைக் கண்டதும் கற்பகவல்லி கையை வீசினாள். "நீ என்னத்துக்குலே இங்கன வந்த? அந்தப் பிள்ளைய உள்ள தனியா விட்டுட்டா வந்த? போ, போயி டீயக் குடுத்து அனுப்பு. நாங்க இருக்கோம்."

"யாரு அத்தே ஒங்களை வெளிய வரச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஆளு இல்லன்னா குளாய் இளுக்குதா இல்லையான்னு யாரு பாப்பா? வெறும் குளாயப் பாத்துட்டு நல்லாருக்குன்னு எளுதிக்கிட்டுப் போயிருவா. ஒனக்கு ஆர்டர் வரும்."

மாரித்தாய் இருமலை விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"நான்தான் தம்பி எல்லாரையும் கூட்டியாந்தேன். அவுக எங்கிட்டக் கேட்டுட்டா எனக்குப் பொய்யி வராது. நெசத்தச் சொன்னா ஒங்களுக்கு ஆர்டர் போயிரும். அதான். நீங்க ஒண்ணும் நெனைக்காதீக."

யோகேஸ்வரி என்கிற சின்னப்பெண் முள்ளை எடுக்கக் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று கருவேலங்காய்களை உதிர்த்துக்கொண்டே இருந்தது. ஜெயபாண்டி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அந்தக் காய்களைப் பார்த்தான். யாராவது அவனை ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். ஏசுகிறவர்களுக்குப் பதில் வைத்திருந்தான், ஆர்டர் என்றும் தேதி என்றும். இந்தக் கருணையிடம் அவை செல்லாது. மருந்துக்குப் பயந்து ஓடியவளைக் கூட்டிவந்து, தனக்காக ஓடி ஒளிகிறவளாக ஆக்கிவைத்திருக்கிறான்.

"எந்திரிங்க, மதினி. உள்ள போவோம்."

"வேண்டாம் தம்பி. எங்களுக்குப் பளக்கந்தான்."

"அந்தப் பளக்கம் வேண்டாம்னுதான மதினி நான் சாமி முன்னால சொன்னேன்."

கற்பகவல்லி அவன் முகத்தைப் பார்த்தாள். "சரிலே, வாரோம். அளுது தொலைக்காத. மொதலாளி அளுதா நல்லாவா இருக்கு" என்று முதன்முறையாக அவனை முதலாளி என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

எல்லாரும் வரிசையாக உள்ளே வந்தார்கள். அனுப்பிரியா அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவர்களுடைய வெறுங்கால்களைப் பார்த்தாள்.

ஜெயபாண்டி மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தான். மேசைமேல் மாரித்தாய் பாதி ராவி வைத்திருந்த ஒரு பல் தொப்பி இருந்தது. அதை எடுத்தான். கைமோட்டாரைப் போட்டான். உறிஞ்சும் குழாயின் வாயை முகத்துக்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டு ராவ ஆரம்பித்தான். தூள் எழும்பியது. குழாயின் வாயருகே போய், அங்கே யாரும் கூப்பிடாததால் திரும்பி வந்து, அவன் கன்னத்திலும் இமையிலும் மீசையிலும் நிதானமாகப் படிந்தது.

"இது இழுக்காது மேடம். மொத ரெண்டுதான் நிஜம். மிச்சம் அஞ்சும் சுவத்துக்குள்ள போயி நிக்குது. நான் எழுதி அனுப்பினதுல ஒவ்வொரு மிசினுக்கும் எந்த நாட்டுல சட்டம் எளக்கமோ அதைத்தான் பொறுக்கிப் போட்டேன். இவங்க யாரும் பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

அனுப்பிரியா குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த குழாயிலும் வைத்துப் பார்த்தாள்.

"நான் இதை எழுதாம இருக்க முடியாது, சார்."

"எழுதுங்க மேடம்."

"ஆர்டர் இப்போ வராது. நிஜமா மாட்டி முடிச்சிட்டு சொல்லுங்க, திரும்பப் பார்க்கச் சொல்லி நான் எழுதுறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. நாலு இடம் பார்த்தா மூணு இடத்துல என்னைக் காலியான ரூமுக்குத்தான் சார் கூட்டிட்டுப் போறாங்க. யாரும் போய் ஆளுங்களைக் கூப்பிட்டு வந்ததில்லை."

அந்த நேரத்தில் மாரித்தாய்க்கு மறுபடி இருமல் வந்தது. வழக்கம்போல முந்தானையைத் தூக்கிக்கொண்டு பின்கதவுப் பக்கம் திரும்பினாள். அனுப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கயே இருமுங்கம்மா." மாரித்தாய் வெட்கத்தோடு நின்று இருமினாள். நெடுநேரம் இருமினாள். அந்த இருமலை இரண்டு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டிருந்தான் ஜெயபாண்டி. அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தான்.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"சுக்குக் கசாயம் குடிக்கேன் தாயி."

"என் கார் விருதுநகர் வழியாத்தான் போகுது. இப்பவே வாங்கம்மா. நெஞ்சை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, அப்புறம் நான் ரயிலுக்குப் போறேன்."

எவ்வளவு சின்ன வார்த்தை. ஜெயபாண்டியின் கார் இரண்டு வருஷமாக அதே வாசலில்தான் நின்றது. பல் பார்சலை ஏற்றிக்கொண்டு அவன் வாரத்தில் பாதி நாள் விருதுநகர் போய் வந்தான். அந்த வார்த்தை ஒருநாளும் அவன் வாயில் வந்ததில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயில் டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது.

மாரித்தாய் அவனைப் பார்த்தாள். போகட்டுமா என்று கேட்கிற பார்வை. அதையும் அவன் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"வாங்க மதினி. நானும் வாரேன்."

கற்பகவல்லி தன் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து கார் சன்னல் வழியாக மாரித்தாய் மடியில் வைத்தாள். "ஆசுபத்திரியில உக்காந்தா நேரமாயிரும். புளிச்சோறுதான். அந்தப் பிள்ளைக்கும் ரெண்டு வாய் குடு. காலையில என்னத்தத் தின்னுச்சோ." பிறகு முன் இருக்கையில் இருந்தவனைப் பார்த்து, "இவனுக்கும் குடு, போனாப் போகுது" என்றாள்.

கார் சாலையில் ஏறியது. ஜெயபாண்டி ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்க முடியவில்லை. பின்னால் அனுப்பிரியா மெதுவாகக் கேட்பது காதில் விழுந்தது.

"சார் உங்களுக்கு என்ன வேணும்மா?"

"எங்க வீட்டுப் பிள்ளை" என்றாள் மாரித்தாய். "நல்ல பிள்ளைதான் தாயி. வெளியூருல இருந்து எங்களுக்காகத்தான் வந்துச்சு."

ஜெயபாண்டி சன்னலுக்கு வெளியே பார்த்தான். கிணற்றுப் பாசனக் காட்டில் மக்காச்சோளம் காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அவன் தோளில் ஒரு விரல் தொட்டது. தண்ணீர் பாட்டிலில் நனைத்த ஒரு துணியை மாரித்தாய் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மொகத்தத் தொடச்சுக்கோங்க தம்பி. இமையெல்லாம் தூசி மினுங்குது. ஆசுபத்திரியில நாலு பேரு பாப்பாக."

அவன் துணியை வாங்கிக்கொண்டான். அது குளிர்ச்சியாக இருந்தது. துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"பாக்கட்டும், மதினி."